நவம்பருக்கு என்ன ஆச்சு

1

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் புதன்கிழமை வெளியே மைனஸ் முப்பத்தொன்று. அறை வாசலில் கிடந்த ரப்பர் விரிப்பில், எங்கள் காலணிகளிலிருந்து உருகிய பனி குட்டையாகத் தேங்கியிருந்தது. மேசைமேல் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் இருந்தது, யாரும் குடிக்கவில்லை. அறக்கட்டளைக் குழுவின் தலைவர் சிகர்ட்சன் பச்சைக் கம்பளி ஆடை போட்டிருந்தார். அதன் இடது முழங்கையில் ஒட்டுத்துணி. இதெல்லாம் நிச்சயம். யார் கேட்டாலும் சத்தியம் செய்வேன்.

நிச்சயமில்லாதது ஒன்றுதான். லெவ்கோ எழுந்து பேசியபோது அவனுடைய கோட்டின் தொப்பி தலைமேல் இருந்ததா, இல்லையா.

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு விவரத்துக்காகத்தான். மற்றதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு போனால் அதுவும் தானாக வந்து சேரும் என்று நினைத்தேன். இது நான் எழுதும் ஏழாவது படி. இன்னும் வரவில்லை.

2

முதல் படி இப்படித் தொடங்கியது:

"வெர்னா ஃப்ரீசனின் முகத்தில் இடது பாதி, நெற்றியிலிருந்து தாடை வரை, திராட்சை ரசத்தின் நிறத்தில்"

அங்கேயே நிறுத்தினேன். வெர்னா இருபத்தாறு வருடமாக வினிபெக் நகரின் வடக்குப் பகுதியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அந்தப் பேருந்து என் மூன்றாவது பத்தியில்தான் வந்தது. முதல் வாக்கியத்தில் அவளுக்கு நான் கொடுத்தது ஒரு நிறத்தை மட்டும். தெருவில் எதிரே வருகிறவர்கள் செய்வதையே நானும் செய்திருந்தேன்.

இரண்டாம் படி: "உறைந்த ஏரியின்மேல் போட்ட மீன்பிடிக் குடிலில் எரிவாயு அடுப்பு வெடித்தபோது லெவ்கோவுக்கு முப்பத்தொரு வயது." இலக்கணப்படி முழு வாக்கியம். ஆனால் கதை தீயில் தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும், பல் துலக்கினாலும்கூட, தீயில் வெந்த ஒருவன் பல் துலக்குவதாகத்தான் ஆகிவிடுகிறது.

மூன்றாம் படியை என்னிலிருந்தே தொடங்கினேன். "எனக்கு உதட்டைச் சுற்றியும் இரண்டு கைகளிலும் வெண்புள்ளிகள் உண்டு." (இதற்கு நான் பிறந்த ஊரில் வேறொரு பெயர் இருந்தது. பத்து வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் அதைக் கேட்டேன். சொன்னவர் என் பக்கத்து இலையிலிருந்து எழுந்து வேறு இலைக்குப் போய் உட்கார்ந்தார். அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவ)

நான்காம் படியில் எங்களுக்கெல்லாம் சேர்த்து என்ன பெயர் என்று தேடினேன். மருத்துவமனைக் காகிதங்களில் ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தமிழில் "தோற்ற வேறுபாடு உடையோர்" என்று எழுதிப் பார்த்தேன், அரசாணைபோல இருந்தது. "முகச் சிதைவு" என்று எழுதி, அடித்து, அடித்தது தெரியாமலிருக்க அந்தத் தாளையே கிழித்தேன். கடைசியில் "தெரிகிறவர்கள்" என்று வைத்துக்கொண்டேன். போகிற இடமெல்லாம் எல்லோருக்கும் தெரிகிறோம். ஆனால் தெரிந்தவர்கள் என்று சொல்ல முடியாது.*

* இதை வெர்னாவுக்கு விளக்கினேன். "ரெண்டு வார்த்தைக்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்றாள். ஒன்றிரண்டு எழுத்து என்றேன். "அந்த ஒன்றிரண்டு எழுத்துக்காகத்தான் நாம சனிக்கிழமை சனிக்கிழமை படி ஏறிட்டு இருக்கோம்," என்றாள்.

3

அந்தப் படி, கர்லிங் அரங்கத்தின் மாடிப்படி. கீழே பனித்தளத்தில் ஆட்டக்காரர்கள் பெரிய கருங்கற்களை வழுக்கிவிட்டுக்கொண்டிருப்பார்கள். மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில், சனிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் கூடுவோம். எட்டுப் பேர். கதைக்கு மூன்று பேர் போதும். மற்ற ஐவரும் என்னை மன்னிக்க வேண்டும். ஒருத்தி ஏற்கெனவே முடியாது என்று சொல்லிவிட்டாள்.

எங்களிடம் நீல நிறத் தகர பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. அதில் பிஸ்கட் கிடையாது, துண்டுச் சீட்டுகள்தான். "என்ன ஆச்சு?" என்று எங்களிடம் கேட்பார்கள். லிஃப்டில் கேட்பார்கள், கடையில் வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள், யாருடைய சாவுக்கோ போன இடத்தில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அந்த வாரம் சொன்ன பதிலையோ, சொல்ல நினைத்து விழுங்கிய பதிலையோ எழுதி டப்பாவில் போட வேண்டும். வெர்னா எடுத்துப் படிப்பாள். சிறந்த பதில் எழுதியவர் காபிக் கோப்பை கழுவ வேண்டாம்.

"'பெயிண்ட் அடிக்கிறவர் சாப்பிடப் போனார். இன்னும் திரும்பி வரல,'" என்று ஒருநாள் படித்தாள். "இது நல்லாவோடது."

(நல்லா என்பது நான். நல்லசிவம் என்று முழுக்கச் சொல்ல அவர்களுக்கு வரவில்லை. முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு என் மொழியில் என்ன பொருள் என்று நான் சொன்னதில்லை. அந்தப் பெயரில் கூப்பிடப்படும்போதெல்லாம் யாரோ என்னை விசாரிப்பதுபோல இருக்கும்.)

"போன மாசமும் இதையேதான போட்டான்," என்றார் ஒருவர்.

"பெயிண்டர் இன்னும் வரலையே, அவன் என்ன பண்ணுவான்." வெர்னா அடுத்த சீட்டைப் பிரித்தாள். "'இன்னும் ஆகல. ஆனதும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்.' இது யாரு?"

யாரும் கை தூக்கவில்லை. ஜன்னலோரமாக, எங்களுக்கு முதுகைக் காட்டி, கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த லெவ்கோவின் தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின. அவன் வரத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஜன்னல்காரரே, இந்த வாரம் நீ கோப்பை கழுவ வேண்டாம்," என்று வெர்னா அந்த முதுகிடம் சொன்னாள்.

அவன் எதைப் பார்க்கிறான் என்று நான் ஒருநாள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் முதுகில் தண்ணீர்க் கலத்தைக் கட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே பனித்தளத்தின்மேல் துளித் துளியாகத் தெளிப்பார். துளிகள் உடனே உறைந்து பொரிப்பொரியாக நிற்கும். தளம் வழவழவென்று இருந்தால் கல் ஓடாது, பாதியில் நின்றுவிடும். லெவ்கோ பார்த்துக்கொண்டிருந்தது அந்த மனிதரைத்தான்.

வெர்னா மட்டும் சீட்டுப் போட்டதில்லை. அவளுடைய பதில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வயதில் அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது.

"பிறவியிலேயே இருக்கு. வலிக்காது. ஒட்டிக்காது. கேட்டதுக்கு நன்றி."

ஒவ்வொரு செப்டம்பரிலும் பேருந்தில் புதிதாக ஏறும் குட்டிகளிடம் அதைச் சொல்வாள். கியர் மாற்றுவதுபோல, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

4

லிகாயாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை நகராது. தோல், தழும்புச் சிகிச்சைப் பிரிவில் அவள் மனநல ஆலோசகர். செவ்வாயும் வியாழனும் வருவாள். அந்தப் பிரிவில் எங்கள் தோலைப் பார்க்க நாலு பேர் இருந்தார்கள். எங்களைப் பார்க்க அவள் ஒருத்தி. எங்களில் ஆறு பேரைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அனுப்பியதும் அவள்தான்.

(இப்போது படித்துப் பார்க்கிறேன். ஏழு படிகளிலும் லிகாயாவின் முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்திருக்கிறேன். அவளுடையது எழுதத் தேவையில்லாத முகம். அப்படி ஒன்று வாய்த்திருந்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.)

முந்தைய நவம்பரில் அவளுக்கு அறுவைச் சிகிச்சை. ஏழு வாரம் வரவில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. அந்த ஏழு வாரமும் லெவ்கோ சனிக்கிழமைகளில் வரவில்லை. வெர்னா அவன் வீட்டுக்கு மூன்று முறை போய்க் கதவைத் தட்டினாள். மூன்றாம் முறை உள்ளேயிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டதாம். "உசிரோட இருக்கான்," என்று எங்களுக்குச் சேதி அனுப்பினாள்.

ஜனவரியில் லிகாயா திரும்பினாள். அவனும் திரும்பினான். அந்தச் சனிக்கிழமை கூட்டம் முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் என் காரின் எஞ்சின் உறையாமலிருக்க மாட்டியிருந்த சூடேற்றிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது. அவன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லா. செவ்வாய்க்கு அப்புறம் வியாழன் இருக்குன்னு தெரிஞ்சா, புதனைக் கடத்திடலாம்."

நான் கம்பியைச் சுருட்டிக்கொண்டே நின்றேன். வியாழன் இல்லையென்றால் என்ன என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் போய்விட்டான்.

(இங்கே நான் ஏதாவது சொன்னதாக எழுதலாமா என்று யோசித்தேன். ஆறுதலாக ஒரு வாக்கியம். ஐந்தாம் படியில் அப்படி ஒன்று இருந்தது, நன்றாகவே இருந்தது. நான் சொல்லாத வாக்கியம் அது.)

அடுத்த வாரம் கடிதம் வந்தது. லிகாயாவின் இரண்டு நாளுக்கும் பணம் கொடுத்துவந்த அறக்கட்டளை, மார்ச்சோடு நிறுத்திக்கொள்கிறது. மறுபரிசீலனை வேண்டுமென்றால் குழுவின்முன் பத்து நிமிடம் பேசலாம். பிப்ரவரி, ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணி.

5

அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். இனிமையான குரல். வெர்னா பேருந்தை ஓரமாக நிறுத்தி, ஒலிபெருக்கியில் போட்டாள். நான் முன் இருக்கையில் இருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் இறங்கியிருந்தார்கள்.

"உங்க குழுவுல தீ விபத்துல சிக்கின ஒருத்தர் இருக்காராமே. அவரோட படம் ரெண்டு கிடைக்குமா? முன்னாடி எடுத்தது ஒண்ணு, இப்ப எடுத்தது ஒண்ணு. எங்க குழுவுல இருக்கறவங்க மனசைத் தொடணும் பாருங்க."

"அவன் மனசு எப்படி இருக்குன்னு சொல்லத்தான் நாங்க வரோம். படத்துல அது தெரியாது."

"இல்ல, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நேர்ல பார்த்தா யாருக்கும் மறுக்கத் தோணாது."

"முகத்தைக் காட்டித்தான் கேக்கணும்னா எங்களுக்கு வேண்டாம்மா," என்று வெர்னா தொடர்பைத் துண்டித்தாள்.

பேருந்தின் கண்ணாடித் துடைப்பான் சும்மா இப்படியும் அப்படியும் போய்வந்தது. அதை நிறுத்திவிட்டு, "வேணும்," என்றாள். "ரொம்ப வேணும். நான் என்னடா சொல்லித் தொலைச்சேன்."

எங்களிடம் ஒரு விதி உண்டு, எழுதிவைக்காத விதி. யாருடைய முகத்தையும் வைத்து எதையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டு வாங்கினால், வாங்கிய பிறகும் அந்த முகத்தை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதனால் வெர்னா வேறொன்றை எடுத்துப்போக முடிவு செய்தாள். சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு முறையும் நாங்கள் நிரப்பும் படிவம். பன்னிரண்டு கேள்விகள். தழும்பு தடிப்பாக இருக்கிறதா, அரிக்கிறதா, இழுக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா. பன்னிரண்டும் தோலைப் பற்றியவை. அடியில் வெர்னா கையால் பதின்மூன்றாவதை எழுதினாள்: இந்த வாரம் வீட்டை விட்டு வெளியே போனீர்களா?

"இதைக் கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்னு சொல்லுவேன். பதில் 'இல்ல'ன்னு வந்தா, அதை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரிஞ்ச ஆள். அவ்வளவுதான். பத்து நிமிஷம் வேண்டாம், நாலு போதும்."

லிகாயா தன் வேலைக்காகத் தானே பேசக்கூடாது என்று விதிமுறை. ஆகவே நானும் வெர்னாவும் மட்டும் போவதாக இருந்தது. அன்று காலை வெர்னா லெவ்கோவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"புதன்கிழமைதான. வீட்ல உக்காந்து சுவத்தைத்தான் பாக்கப்போற. அங்க வந்து பாரு. அந்தச் சுவரும் சுவர்தான்."

அவன் வந்தான். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, பின்வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தான். அதுவரை தொப்பி இருந்தது. இதில் சந்தேகமில்லை.

6

குழுவில் மூன்று பேர். நடுவில் சிகர்ட்சன், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். வெர்னா நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை மேசைமேல் வைத்து, நீவிவிட்டாள். பேசத் தொடங்க வாயைத் திறந்தாள். அதற்குள் சிகர்ட்சன் தன்முன் இருந்த காகிதங்களிலிருந்து தலையைத் தூக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன ஆச்சு?"

வெர்னா ஒரு கணமும் தாமதிக்கவில்லை.

"பிறவியிலேயே இருக்கு. வலிக்காது. ஒட்டிக்காது. கேட்டதுக்கு நன்றி."

சிகர்ட்சனின் பக்கத்தில் இருந்த இளைஞரின் காது சிவந்தது. சிகர்ட்சன் ஒன்றும் புரியாமல் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இல்லைங்க," என்றார். "நவம்பர். ஆலோசகரைப் பாக்க ஒவ்வொரு மாசமும் எத்தனை பேர் வந்தாங்கன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. அக்டோபர் முப்பத்தெட்டு. நவம்பர் சைபர். நவம்பருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன்."

(இந்தத் தவறை எங்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். ஒருமுறை கண்ணாடிக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். கடைப்பெண் ஓடிவந்து, "எவ்வளவு நாழியா?" என்று கேட்டாள். நான், "ஒன்பது வயசுலேருந்து," என்றேன். ஐந்து வருடம் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.)

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐம்பத்திரண்டு வருடமாக அந்த நாலு வாக்கியங்கள் அவளைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. யாருக்கும் வலிக்காமல், யாரையும் குற்றம் சொல்லாமல் அவளை அடுத்த நிறுத்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. இப்போதுதான் முதல் தடவையாக, யாரும் கேட்காத கேள்விக்கு அவற்றைக் கொடுத்துவிட்டாள். படிவத்தை நீவிய கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தைக் காட்டிக் கேட்கமாட்டேன் என்று சொன்னவள், அறைக்குள் வந்ததும் முதலில் எடுத்து வைத்தது தன் முகத்தைத்தான் என்று அவளுக்குப் புரிந்ததை நான் பார்த்தேன்.

தெரிகிறவர்கள் எல்லோரும் எண்ணுவோம். ஒருவருடைய பார்வை நம்மேல் விழுந்து விலகும்வரை எத்தனை வினாடி என்று. பழக்கத்தில் நானும் எண்ணினேன். ஒன்று, இரண்டு. வெர்னா பேசப்போவதில்லை என்று தெரிந்தது. ஐந்து, ஆறு. நான் பேசியிருக்கலாம். எனக்கு நவம்பர் தெரியும், பதில் தெரியும், நாக்குத்தான் எழவில்லை. ஒன்பது. பதினொன்று வந்தபோதுதான் கவனித்தேன், அங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மூவரும் காகிதத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூஜ்யம் போட்ட கட்டத்தை.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

7

லெவ்கோ சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. அதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"நவம்பர்ல லிகாயாவுக்கு ஆபரேஷன். ஏழு வாரம் வரல. வேற யாரையும் போடல."

"சரி," என்றார் சிகர்ட்சன். "அப்ப யாரும் வரலன்னு எடுத்துக்கலாம்."

"வரலதான். ஆனா இருந்தோம்."

"எங்க இருந்தீங்க?"

"நான் சமையலறையில. ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டிட்டேன், கண்ணாடியில என்னையே பாக்க வேண்டாம்னு. ஏழு வாரத்துல ஒரு தடவை வெளிய போனேன், குப்பை போட. கோட்டை மாட்ட ரெண்டு மணி நேரம் ஆச்சு. இவங்க வந்து கதவைத் தட்டினாங்க. திறக்க முடியல. நாற்காலியை மட்டும் நகர்த்தினேன், நான் இருக்கேன்னு தெரியட்டும்னு. உங்க தாள்ல சைபர்னு போட்டிருக்கே. அந்த சைபர் நான்தான்."

இளைஞர் தன் காகிதத்தில் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"ரெண்டு வருஷமா எல்லாரும் என் முகத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க. நவம்பருக்கு என்ன ஆச்சுன்னு நீங்கதான் கேட்டீங்க," என்று சொல்லி உட்கார்ந்தான்.

சிகர்ட்சன் பேனாவை எடுத்தார். பூஜ்யத்தின் பக்கத்தில் ஏதோ எழுதினார். சின்னதாக இல்லை, நீளமாக எழுதினார். பேனாவின் கிறுக்கல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வெர்னாவின் பக்கம் திரும்பி, "அந்தப் படிவத்தைக் கொஞ்சம் காட்டுங்க," என்றார்.

நடைவழியில் வந்ததும் வெர்னா சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"இருபத்தாறு வருஷம். ஒருநாள்கூடத் தப்பான ஸ்டாப்ல கதவைத் திறந்ததில்ல. இன்னைக்குத் திறந்துட்டேன் பாரு."

"திறந்ததாலதான் நான் இறங்கினேன்," என்றான் லெவ்கோ.

8

இனி தொப்பி.

முதல் முடிவில் அவன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் மெல்லத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளுகிறான். ஜன்னலிலிருந்து பனிவெளிச்சம் அவன்மேல் விழுகிறது. அறை மூச்சை அடக்கிக்கொள்கிறது. மிகவும் நன்றாக எழுதியிருந்தேன். படித்தபோது அந்தத் தொலைபேசிப் பெண்ணின் குரல் கேட்டது. அவள் கேட்ட இரண்டாவது படத்தை நான் இலவசமாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் முடிவில் தொப்பி அப்படியே இருக்கிறது. நிழலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது. இதிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. மூடிவைத்ததன்மேல் கண் இன்னும் அதிகமாகப் போகும் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாதா.

மூன்றாவதில், அவன் எழுந்த வேகத்தில் தொப்பி தானாகச் சரிந்துவிடுகிறது, அவன் கவனிக்கவே இல்லை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இவ்வளவு பிடித்திருப்பதால் இதை நம்பவில்லை.

கேட்டுவிடலாம் என்று வெர்னாவிடம் போனேன்.

"இருந்துச்சு. இல்ல, இரு. நான் திரும்பியே பாக்கலையே. மேஜையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

சிகர்ட்சனை ஒருநாள் காய்கறிக் கடையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பார்த்தேன். அவரே வந்து, "நவம்பர் எப்படி இருக்கார்?" என்று விசாரித்தார். பதில் சொல்லிவிட்டு, தொப்பியைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தத் தொப்பி?" என்றார்.

கடைசியில் லெவ்கோவிடமே கேட்டேன். பனித்தளத்தின் ஓரத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"அது உனக்கு எதுக்கு?"

"கதைக்கு."

"கதைக்கா, உனக்கா?"

தளத்தில் ஒரு கல் நெடுந்தூரம் போய் இன்னொன்றை முட்டியது.

"என்னைப் பாத்துட்டுத்தான இருந்த? ஞாபகம் இல்லையா?"

"நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு வார்த்தை விடாம."

அவன் சிரித்தான். "அப்ப சரி," என்றான்.

வீட்டுக்கு வந்து ஆறு படிகளையும் எடுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடமாக என்னைப் பார்க்கிறவர்களை நான் பார்த்துவருகிறேன். என் கையை மறந்து என்னிடம் பேசியவர்கள் உண்டு. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், பிறகு கண் திரும்பிவிடும். ஓர் அறையில் இத்தனை பேர் இருந்து, ஒருவன் தன் வாழ்நாளின் மிகப் பெரிய பேச்சைப் பேசி, அவன் முகம் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று ஒருவருக்கும் தெரியாமல் போவதை நான் கண்டதில்லை. அப்படி நடக்கக்கூடும் என்று யாராவது எனக்குப் பத்து வயதில், அந்தப் பந்தியில், சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். நடந்தது. நானும் அந்த அறையில் இருந்தேன். என்னிடம் ஆதாரம் என்று இருப்பது இந்த மறதி ஒன்றுதான்.

ஆகவே அந்த விவரத்தைத் தேடுவதை நிறுத்திக்கொள்கிறேன். படிக்கிற நீங்கள் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமலும் விடலாம்.

9

என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அறக்கட்டளை ஒரு நாளுக்கு மட்டும் சம்மதித்தது. லிகாயா செவ்வாய்க்கிழமைகளில் வருகிறாள்; மற்ற நாட்களில் வேறொரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கடிதம் வந்த அன்று வெர்னா எங்கள் எட்டுப் பேருக்கும் சேதி அனுப்பினாள்: "செவ்வாய் கிடைச்சிருக்கு. வியாழனை நாம பாத்துக்கணும்." கூட்டத்தைச் சனியிலிருந்து வியாழனுக்கு மாற்றினோம். இரண்டு பேருக்கு வியாழன் ஒத்துவரவில்லை, நின்றுவிட்டார்கள். புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள்.

படிவத்தில் இப்போது பதின்மூன்று கேள்விகள். பதின்மூன்றாவதற்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். போன மாதம் நான் "ஆம்" போட்டேன்.

சிகர்ட்சன் குழுவிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வெர்னாவின் பேருந்துக்கு எண் மாறியிருக்கிறது, வழி அதேதான். செப்டம்பரில் புதுக் குட்டி ஒன்று, "என்ன ஆச்சு?" என்று கேட்டதாம். "எதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாளாம் வெர்னா. இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறாள்.

கர்லிங் அரங்கத்தில் பனித்தளம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முழங்கால் வலி. அந்த வேலையை வாரத்தில் ஒருநாள் லெவ்கோ செய்கிறான். முதுகில் தண்ணீர்க் கலத்தைக் கட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடி, புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு.